கஞ்சாவுக்குப் பெர்மிட் வந்தால் யாருக்குக் கிடைக்கும்?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பவரையும், போதைப்பொருள் விற்கிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்பவரையும் திருகோணமலையில் ஒரே தேநீர்க் கடையில் சந்திக்கலாம். பல வேளைகளில் இரண்டு பேரும் ஒரே ஆளாகவே இருப்பார். கஞ்சா மூலிகை, பழைய ஆட்கள் ஆட்டிறைச்சிக் கறிக்கே அதன் இலையைப் போட்டார்கள், வெள்ளைக்காரன் வந்துதான் அதைக் குற்றமாக்கினான் என்பார். அதே மூச்சில், ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளை விற்கிறவனை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்திச் சுட வேண்டும் என்பார். சொல்லி முடித்துவிட்டு ஒற்றைச் சிகரெட் ஒன்று வாங்கிப் பற்றவைப்பார்.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கஞ்சாவும் ஐஸும் ஒன்றல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அவர் யோசிக்காமல் விடுவது வேறொன்று. கஞ்சா சட்டபூர்வமானால் அதை யார் விற்பார்கள்? அந்த அனுமதிப்பத்திரம் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்வியைத் தொடாமல் நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தொழிலை முதலே சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அதாவது, மனிதரை மயக்கக்கூடிய, பழக்கிவிடக்கூடிய சில பொருள்களை அனுமதிப்பத்திரத்தோடு, பில் போட்டு, பகல் வெளிச்சத்தில் விற்கிறவன். தூக்கக் குளிசை, கடும் வலிக்கான குளிசை, சிலவகை இருமல் பாணி எல்லாம் அதில் அடக்கம். போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கினால் என்ன நடக்கும் என்று பல்கலைக்கழகப் பெடியள் வாதாடும்போது எனக்குச் சிரிப்பு வரும். அதன் ஒரு சின்ன மாதிரி என் மேசையில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

பிரிகபலின் என்று ஒரு மருந்து. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுப்பது. நீரிழிவால் கால் எரிந்து இரவில் நித்திரை இல்லாமல் கிடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் போதை. வடக்கிலும் கிழக்கிலும் சில வருடங்களாக இதுதான் மலிவுப் போதை. நோயாளியின் வீட்டுக்காரர் வந்தால் மருந்தின் பெயரைச் சொல்லத் தெரியாது, டொக்டர் எழுதிய துண்டை நீட்டுவார், அல்லது குளிசை முடிந்த வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்டுவார். மற்றவர்கள் பெயரைச் சொல்வதில்லை, மில்லிகிராம் இலக்கத்தைச் சொல்வார்கள். “அண்ணா, நூற்றைம்பது இருக்கா?” கையில் துண்டு இருந்தால் அது நாலாக மடித்து மடித்து நைந்துபோன போட்டோக்கொப்பியாக இருக்கும். யாருக்கு என்று கேட்டால் அம்மாவுக்கு. அம்மாவுக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டால் போனைப் பார்ப்பான்.

இல்லை என்று அனுப்பிவிடுவேன். அவன் அடுத்த கடைக்குப் போவான். எல்லாக் கடையும் இல்லை என்றால் தெருவில் ஒருவன் ஒற்றைக் குளிசையைப் பல மடங்கு விலைக்குக் கொடுப்பான். அந்தக் குளிசைகளும் எங்கேயோ ஒரு பாமசியின் பின் கதவால் போனவையாகவோ கடல் வழியாக வந்தவையாகவோ இருக்கும்.

இதில் அடிபடுகிற இன்னொருவர் இருக்கிறார். தம்பலகாமத்தில் இருந்து பஸ் ஏறி வருகிற ஒரு ஐயா, ஓய்வுபெற்றவர், இரண்டு காலும் எரிவு. கிளினிக் துண்டின் மூலப்பிரதி இல்லாமல் கொடுக்க முடியாது என்று ஒருமுறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. “இந்த வயதில் நான் போதைக்கா தம்பி குடிக்கிறேன்?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அன்றிரவு அவருடைய கால் எரிந்திருக்கும். கட்டுப்பாடு என்றால் அதன் விலையை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் அது சட்டம் குறிவைத்த ஆளாக இருப்பதில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கைதான் இன்றைய தடைச் சட்டங்களின் தாய். அதன் முகவுரையே, வலி நிவாரணத்துக்கு இந்த மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அந்த வரியை அரசுகள் மறந்துவிட்டன, தடுக்க வேண்டும் என்ற வரிகளைப் பிடித்துக்கொண்டன. உலகின் மோர்பீனில் மிகப் பெரும் பங்கு இன்றைக்கும் பணக்கார நாடுகளில்தான் பயன்படுகிறது. ஏழை நாட்டுப் புற்றுநோயாளி பரசிட்டமோலோடு கிடந்து முனகுகிறார்.

சரி, எங்கள் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம்: நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய கதை இன்னும் சுவாரசியமானது. பிரித்தானியர் காலத்தில் அபின் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது, அரசுக்கு அதில் வருமானம் வந்தது. மக்கள் எதிர்ப்புக் கிளம்பி, 1910ஐ ஒட்டிக் கடைகள் மூடப்பட்டன. ஆனால் ஏற்கனவே அடிமைப்பட்டிருந்த கிழவர்களை ஜெயிலில் தள்ளவில்லை. அவர்களைப் பதிவு செய்தார்கள், அளந்து கொடுத்தார்கள். நாட்டு வைத்தியர்களையும் அப்படியே பதிந்து கொடுத்தார்கள். புதிதாக யாரும் சேரக் கூடாது, பழைய ஆட்கள் காலமாகும்போது பட்டியலும் சுருங்கும் என்பது ஏற்பாடு. 1994இல் சுவிற்சர்லாந்து ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவர்களுக்கு வைத்தியரின் மேற்பார்வையில் ஹெரோயினே கொடுக்கத் தொடங்கியபோது உலகமே அதிசயமாகப் பார்த்தது. ஏறத்தாழ அதே யோசனையை இந்தத் தீவில் வெள்ளைக்காரத் துரைமார் எண்பது வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல மனதால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

ஹெரோயினும் பிறந்தது என் போன்றவர்களின் மேசையில்தான். 1898இல் ஜெர்மனியின் பாயர் கம்பனி அதை இருமல் மருந்தாகச் சந்தைக்கு விட்டது. பழக்கிவிடாத மருந்து என்று விளம்பரமும் நடந்தது.

1984இல் எங்கள் சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று எழுதினார்கள். 2022இல் ஐஸையும் சேர்த்தார்கள்: ஐந்து கிராம். இதற்கிடையில் இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976இல். 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு போதைப்பொருள் கைதிகளின் தூக்குத் தண்டனைக்குக் கையெழுத்திட்டார், தூக்கிலிடுகிற அலுகோசு வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம்கூட வந்தது. உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆக, நாற்பது வருடமாகச் சட்டப் புத்தகத்தில் தூக்குக் கயிறு தொங்குகிறது. அந்த நாற்பது வருடத்தில்தான் ஹெரோயின் கொழும்புச் சேரிகளில் இருந்து நாடு முழுக்கப் பரவியது, ஐஸ் புதிதாக வந்து சேர்ந்தது. கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இருக்கிற ஊர் எங்கள் ஊர். ஆழ்கடலில் பிடிபடுகிற படகுகள் பற்றி மாதாமாதம் செய்தி வருகிறது. தெருவில் சாமானுக்குக் குறைவில்லை.

தூக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். இரண்டு கிராம் என்றால் எவ்வளவு என்று தெரியுமா? நான் நிறுக்கிறவன், எனக்குத் தெரியும். அரைத் தேக்கரண்டி சீனி. ஒரு கடத்தல்காரன் இவ்வளவோடு நடமாடமாட்டான். அவன் பொட்டலம் சுமக்கவே மாட்டான், சுமக்க ஆள் வைத்திருப்பான். சுமக்கிறவன் பெரும்பாலும் தானும் பாவிக்கிறவன், தன் பங்குக்காகச் சுமக்கிறவன்.

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். உப்புவெளிப் பக்கம், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்காவின் மகன். ஆட்டோ ஓடினவன். சீசனில் வெள்ளைக்காரர்களை நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் ஏற்றி இறக்குவான், நல்ல உழைப்பு. சீசன் முடிந்தால் கையில் காசும் இல்லை, வேலையும் இல்லை, நேரம் மட்டும் நிறைய. முதலில் கஞ்சா. பிறகு இரவு ஓட்டத்துக்கு நித்திரை வராமல் இருக்க ஐஸ். ஒரு சின்ன பக்கெட்டோடு பிடிபட்டான். பக்கெட்டில் இருந்தது எவ்வளவு, அதில் சுத்தமான சரக்கு எவ்வளவு என்று இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வந்தால்தான் என்ன குற்றச்சாட்டு என்பதே தீர்மானமாகும். அறிக்கை வரும்வரை விளக்கமறியல். தவணைக்கு மேல் தவணை. அக்கா சங்கிலியை அடகு வைத்துச் சட்டத்தரணிக்குக் கட்டினார். ஆட்டோ லீசிங்கில் எடுத்தது. மூன்று தவணைப் பணம் கட்டாமல் விட, கம்பனி ஆட்கள் வந்து வாசலில் நின்ற வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள்.

அவன் பிணையில் வந்தபோது தொழில் இல்லை, வண்டி இல்லை, வீட்டில் கடன். உள்ளே பழகியவர்களின் போன் இலக்கங்கள் மட்டும் இருந்தன. பாவிக்கிறவனை வியாபாரி ஆக்குவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்ய முடியாது.

இதை நான் சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, நீங்கள் படித்ததைக் கதைக்கிறீங்கள். அவன் உள்ளே இருந்த மாதங்களில்தான் நான் இரவில் கதவைப் பூட்டிவிட்டு நித்திரை கொண்டேன்” என்றார். வெளியே வந்த பிறகு கிரைண்டர், காஸ் சிலிண்டர், கடைசியில் சாமி அறைக் குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போனதையும் சொன்னார். இன்னும் இரண்டு வருடம் உள்ளே வைத்திருக்கலாம் என்பது அவருடைய கட்சி. தடை வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தாய்மாரைப் பார்த்ததே இல்லை என்பது என் மனக்குறை. தனிமனித சுதந்திரம், என் உடல் என் உரிமை என்பதெல்லாம் சரி. குத்துவிளக்கு அவனுடைய உடல் அல்லவே.

ஆனால் அக்கா கேட்டது சிறையை அல்ல என்று நினைக்கிறேன். சில மாதங்களுக்கு அவனைத் தன் கையில் இருந்து வேறு யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்பதைக் கேட்டார். அதற்கு எங்கள் நாட்டில் கிடைக்கிற ஒரே வழி பொலிஸ் என்பதால் பொலிஸைக் கேட்டார்.

புனர்வாழ்வு நிலையம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமைப்பட்டவரை நீதிமன்றமே கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும் இடங்களில் பெயர் பெற்றது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு. இந்தப் பெயரைத் தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லிப் பாருங்கள். யுத்தம் முடிந்த பிறகு இயக்கத்தில் இருந்த பிள்ளைகளை வைத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே புனர்வாழ்வுப் பணியகம், அதே வேலி, இராணுவத்தினரின் அதே மேற்பார்வை. 2022 ஜூன் மாதம் அங்கே இருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அதே வருடம் புனர்வாழ்வுப் பணியகத்துக்கென்று அரசு கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்போடு பொருந்தவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. போதைக்கு அடிமைப்பட்டவர்களோடு முன்னாள் போராளிகளையும் ‘வன்முறைத் தீவிரவாதக் குழுக்களை’யும் ஒரே சட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். திருத்தங்களோடு 2023 ஜனவரியில் நிறைவேறியது. முள்ளிவாய்க்காலில் இருந்து பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய ஒரு தாயிடம், இன்னொரு பிள்ளையையும் அதே பக்கம் அனுப்பச் சொல்கிறோம். சிகிச்சைக்குத்தான் என்று சொல்லியும் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஊரில் ஓடுகிற இரண்டு கதைகளையும் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஒன்று, தமிழ் இளைஞர்களை அழிப்பதற்காகத் திட்டம்போட்டுத்தான் போதையை உள்ளே விடுகிறார்கள் என்பது. சோதனைச் சாவடிகளால் நிறைந்திருந்த வடக்கு கிழக்கில் கேரளக் கஞ்சா இவ்வளவு தாராளமாக எப்படி ஓடுகிறது என்று சனம் கேட்பது நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆனால் சிங்களக் கிராமங்களும் கொழும்புச் சேரிகளும் எங்களுக்கு முன்பே இதில் மூழ்கின. லாபம் இனம் பார்ப்பதில்லை. மற்றது, இயக்கம் இருந்த காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்பது. இல்லைதான். எதற்கும் அப்பீல் இல்லாத ஒரு காலம் அது. துப்பாக்கி இருந்தவரை இருந்த ஒழுக்கம், துப்பாக்கி போன மறுநாள் எங்கே போனது என்று கேட்டால் கதை அத்தோடு நின்றுவிடும்.

2023 டிசம்பரில் பொலிஸ் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்பு நடவடிக்கையும் அதே வழிதான், துப்பாக்கியின் இடத்தில் மோப்ப நாய். சில வாரங்களிலேயே பல்லாயிரம் பேர் கைது. வீடு வீடாகத் தேடுதல், அதைத் தொலைக்காட்சியில் காட்டுதல். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் நிறுத்தச் சொன்னார்கள், அமைச்சர் நிறுத்த மாட்டேன் என்றார். ஆட்சி மாறி, இப்போது ‘முழு நாடுமே ஒன்றாக’ என்று புதிய பெயரில் இன்னொரு தேசிய நடவடிக்கை. இந்த அரசு பெரிய தலைகளையும் தேடுகிறது, அதை மறுக்கவில்லை. என் மேசையில் நான் காண்பது இது: தெருவில் கெடுபிடி கூடுகிற வாரங்களில் ‘நூற்றைம்பது’ கேட்டு வருகிறவர்கள் கூடுகிறார்கள். ஒன்று அடைபட்டால் இன்னொன்று.

இவ்வளவும் தடைக்கு எதிரான பேச்சு. அப்படியென்றால் திறந்துவிடுவோமா?

என்னோடு வேலை செய்கிற கிண்ணியா நானாவுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. மனதை மயக்குவது எதுவும் ஹராம், அதில் நல்ல கஞ்சா கெட்ட ஐஸ் என்று பிரிப்பது ஷைத்தானின் வேலை என்பார். மார்க்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவரிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. “சட்டபூர்வமாக இருக்கிற சாராயத்தை உங்கள் அரசாங்கம் எப்படி விற்கிறது என்று பார்த்தீர்களா? அதே கையால்தானே இதையும் விற்கும்?”

பார்த்தோம். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் சன்மானமாகப் பங்கிடப்பட்டன என்ற சர்ச்சையில் வடக்கு கிழக்கே நாறியது. பார் பெர்மிட் என்பது எங்கள் அரசியலில் ஒரு வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெர்மிட் பட்டியலைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டிவந்தது. பாடசாலைக்குப் பக்கத்தில் பார், கோயிலுக்குப் பக்கத்தில் பார் என்று சனம் வீதிக்கு இறங்கிய ஊர்கள் எத்தனை. கள் சீவுகிற தொழிலாளி தவறணைக்கு வெளியே ஒரு முட்டி விற்றால் மதுவரித் திணைக்களம் பிடிக்கும். பெர்மிட் கிடைத்த பிரமுகர் அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டு வீட்டில் இருந்து சாப்பிடலாம்.

கஞ்சாவிலும் அந்தப் பாதை போடப்பட்டாயிற்று. 2025இல் ஏற்றுமதிக்காக மட்டும் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சிலருக்கு அரசு அனுமதி கொடுத்தது. மீரிகமவில் வேலி போட்டு, பாதுகாப்புப் போட்டு வளர்ப்பார்கள். மொனராகலைக் காட்டில் நாலு செடி நட்ட விவசாயி ஜெயிலுக்குப் போவார். ஆயுர்வேதத்தில் மதன மோதகம் போன்றவற்றுக்குக் கஞ்சா வேண்டும். அந்த வைத்தியர்களுக்கு அது கிடைத்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: வழக்குகளில் பிடிபட்டு, நீதிமன்றத்தில் வருடக்கணக்காகக் கிடந்து, வீரியம் போன சரக்கு. அதை 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே சொன்னார். ஆகவே கஞ்சா இந்த நாட்டில் தடை என்று சொல்வதே அரை உண்மை. யாருக்குத் தடை என்று கேட்க வேண்டும்.

சட்டபூர்வமானால் கள்ளச் சந்தை ஒழியும் என்பார்கள். அதுவும் விலையைப் பொறுத்தது. வரிக்கு மேல் வரி போட்டுச் சாராயப் போத்தல் மூவாயிரம் ரூபாவைத் தாண்டியபோது கூலிக்காரன் குடியை விடவில்லை, கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்கு மாறினான். அக்கரையில் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசே கடை திறந்து சாராயம் விற்கிறது. ஆனாலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசு கடையில் வாங்கக் காசில்லாதவர்கள். பூரண மதுவிலக்கு வேண்டும் என்றவர்களும் கள்ளுக் கடையைத் திற என்றவர்களும் அதே பிணங்களைத்தான் காட்டிப் பேசினார்கள்.

கம்பனிகளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 1996இல் பர்டியூ கம்பனி ஒக்சிகொன்டின் என்ற வலிக் குளிசையைக் கொண்டுவந்தது. எல்லாம் சட்டப்படி. டொக்டர் எழுதினார், பாமசி கொடுத்தது, விற்பனைப் பிரதிநிதிகள் ஊர் ஊராகப் போய் இது அவ்வளவாகப் பழக்காது என்று சொன்னார்கள். அந்தக் கம்பனி 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஒரு தலைமுறை வலிக் குளிசையில் தொடங்கி ஹெரோயினுக்கும் பென்டனிலுக்கும் போய்விட்டது. சட்டைப் பையில் பேனையும் கையில் தோல் பையுமாக என் கடைக்கும் பிரதிநிதிகள் வருகிறார்கள். கெட்டவர்கள் இல்லை. மாத இலக்கு இருக்கிறவர்கள். இலக்கு வைத்து ஐஸ் விற்கிற ஒரு கம்பனியை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தது. விதிமுறை எழுதும் முன்பே கடைகள் ஆயிரக்கணக்கில் திறந்துவிட்டன. மூன்று வருடத்தில், 2025இல், டொக்டர் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் எல்லாப் போதைப்பொருளையும் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று ஆக்கியது. சிகிச்சை நிலையங்களுக்கான பணம் போய்ச் சேரும் முன்பே பொலிஸ் கையை எடுத்துக்கொண்டது. 2024இல் மறுபடி குற்றமாக்கினார்கள்.

போர்த்துக்கல் நின்றுபிடித்தது. 2001 ஜூலையில் இருந்து, பத்து நாள் பாவனைக்குள் அடங்கும் அளவோடு பிடிபட்டவர் அங்கே குற்றவாளி அல்ல. நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு சிறு குழுவுக்கு முன் போய் உட்கார வேண்டும். சட்டம் தெரிந்தவர், உளவியலோ சமூக சேவையோ தெரிந்தவர் இருப்பார்கள். அடிமைப்பட்டவர் என்றால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். ஊசியால் எயிட்ஸ் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. போர்த்துக்கல்லைப் புகழ்கிறவர்கள் ஒரு விஷயத்தை விழுங்கிவிடுகிறார்கள்: அங்கே கடை திறக்கவில்லை. விற்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

என் கட்சி அதுதான். பாவிக்கிறவனைப் பொலிஸிடம் இருந்து எடு, பெர்மிட் மட்டும் கொடுக்காதே. கஞ்சா வைத்தியத்துக்குத் தேவை என்றால் என் மேசைக்கு வரட்டும், துண்டோடு, பதிவேட்டோடு, விளம்பரம் இல்லாமல். வீட்டு முற்றத்தில் ஒரு செடி நிற்பதைப் பற்றி அரசுக்குக் கவலை வேண்டாம், ஆனால் நிலாவெளிக் கடற்கரையில் கஞ்சா கஃபே திறக்க ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மச்சானுக்கு உரிமம் கொடுக்கவும் வேண்டாம். தூக்குத் தண்டனையைச் சட்டத்தில் இருந்து எடுத்துவிடலாம், நாற்பது வருடமாக அது யாரையும் பயப்படுத்தவில்லை. ஐஸும் ஹெரோயினும் விற்பது குற்றமாகவே இருக்கட்டும்.

நானா இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார். “பத்து நாள் அளவு என்று வைத்தால் வியாபாரி ஒன்பது நாள் அளவோடு வருவான். சரி, அதை யார் நிறுப்பது? சந்தியில் மறிக்கிற பொலிஸா? காசு கொடுத்தால் நிறை குறையும், கொடுக்காவிட்டால் கூடும்.” இது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. போர்த்துக்கல் பொலிஸை வைத்து எழுதிய சட்டத்தை எங்கள் சந்தியில் அப்படியே நட முடியாது. நான் சொல்வது, நிறை ஒரு துப்பு மட்டும்தான். இவன் பாவிக்கிறவனா விற்கிறவனா என்பதைத் தராசு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பிடிபட்டவனை அடுத்த நாளே பார்க்க ஒரு மனநல டொக்டரும் தமிழில் கதைக்கத் தெரிந்த ஒரு உளவளத்துணையாளரும் மாவட்டத்தில் இருக்க வேண்டும். பின்னேரத்திலும் திறந்திருக்கிற கிளினிக் வேண்டும், கூலிக்குப் போகிறவன் பகலில் வரமாட்டான். மூதூரில் இருந்தும் புல்மோட்டையில் இருந்தும் பஸ் காசு கொடுத்து நகரத்துக்கு வரச் சொல்லாமல் அங்கேயே ஒரு நாளாவது நடத்த வேண்டும். தேடுதலுக்கும் சிறைக்கும் செலவழிக்கிற காசில் இதைச் செய்யலாம் என்று நான் சொல்ல, “செய்வார்கள் என்றா நினைக்கிறீங்கள்?” என்று நானா மருந்துப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

அக்காவின் மகன் இப்போது இன்னொருவரின் ஆட்டோவை நாள் வாடகைக்கு ஓடுகிறான். வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறான், சில வேளை தவறவிடுகிறான். அங்கே எழுதிக் கொடுக்கும் துண்டை என்னிடம்தான் கொண்டுவருவான், மூலப்பிரதி, மடிப்பில்லாமல். பகுப்பாய்வு அறிக்கை வந்துவிட்டது, வழக்கு முடியவில்லை. தவணை நாளில் ஓட்டம் கிடையாது. அன்றைய வண்டி வாடகையை அக்காதான் கட்டுகிறார், உள்ளே இருந்திருக்கலாம் என்று திட்டிக்கொண்டே.